பழைய சுவிஸ் கைக்கடிகாரத்துக்கு நல்ல உதிரிபாகம் தேடுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

அப்பாவின் கைக்கடிகாரத்தை முதன்முறை பழுதுபார்க்கக் கொண்டுபோனபோது, டயலில் இருந்த கம்பெனி பெயரைச் சொல்லி, "இதுக்கு ஸ்பேர் கிடைக்குமாங்க ஐயா?" என்று கேட்டேன். கடைக்காரர் எழுபதைத் தாண்டியவர். பதில் சொல்லவில்லை. கண்ணில் லென்ஸைப் பொருத்திக்கொண்டு, பின்மூடியைக் கத்தி முனையால் நெம்பி எடுத்தார். முன்னும் பின்னும் ஆடி நேரத்தைக் காக்கும் பேலன்ஸ் சக்கரத்துக்கு அடியில் ட்வீசர் முனையை வைத்துக் காட்டினார். மிகச் சின்னதாக ஏ.எஸ். என்ற முத்திரை, அதன் பக்கத்தில் நான்கு இலக்க எண். "தம்பி, டயல்ல இருக்கறது கம்பெனி பேரு. இங்க இருக்கறதுதான் மெஷின் பேரு. ஸ்பேர் வேணும்னா இந்த நம்பரோட வா" என்றார்.

அன்றைக்குப் புரிந்துகொண்டதுதான் இந்த வழிகாட்டிக்கு அடிப்படை. பழைய கடிகாரத்துக்கு நல்ல பாகம் கிடைக்காமல் போவதற்குப் பெரும்பாலும் சந்தை காரணமில்லை. எதைத் தேடுகிறோம் என்று எண்ணோடும் அளவோடும் நமக்கே தெரியாததுதான் காரணம். தெரிந்துவிட்டால் ஐம்பது, அறுபது ஆண்டு பழைய கடிகாரத்துக்கும் அசல் பாகம் இன்னும் கிடைக்கிறது.

முதல் படி: மெஷினை அடையாளம் காணுங்கள்

சுவிஸ் கடிகாரம் என்றாலே எல்லாம் ஒரே தொழிற்சாலையில் செய்தது என்று நினைத்துவிடுகிறோம். ரோலெக்ஸ், ஒமேகா, லான்ஜீன் போன்றவை சொந்த மெஷின் செய்தன. மற்ற நூற்றுக்கணக்கான பெயர்கள் ஏ.எஸ்., எஃப்.எச்.எஃப்., ஈட்டா, யூனிடாஸ், ஃபெல்சா, பெசோ ஆகிய ஆலைகளிடமிருந்து மெஷினை வாங்கித் தங்கள் கேஸில் பூட்டி விற்றன. அதனால் பெயரே கேள்விப்படாத ஒரு கடிகாரத்துக்கும், ஊரறிந்த பெயருள்ள இன்னொன்றுக்கும் உள்ளே ஒரே மெஷின் இருக்கலாம். இது நமக்குச் சாதகம். தேடும் பாகம் பத்துப் பதினைந்து பிராண்டுகளின் பழைய கடிகாரங்களில் இருக்கிறது என்று அர்த்தம்.

எண் பெரும்பாலும் பேலன்ஸ் சக்கரத்துக்கு அடியில், அடித்தட்டில் இருக்கும். சிலவற்றில் டயலைக் கழற்றினால்தான் தெரியும். பேலன்ஸ் ஓடிக்கொண்டிருந்தால் விளக்கைச் சாய்த்துப் பிடித்து, கைப்பேசியில் நாலைந்து படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். ட்வீசரை உள்ளே விடவேண்டாம். பேலன்ஸோடு இணைந்த மெல்லிய சுருளான ஹேர் ஸ்பிரிங் ஒருமுறை வளைந்தால் அதைச் சரிசெய்ய நல்ல கைகள் வேண்டும்.

எண்ணே இல்லாத மெஷினும் உண்டு. அப்போது டயலுக்கு அடியில் இருக்கும் சாவி அமைப்பைப் பார்க்க வேண்டும். முள்ளை நகர்த்தவும் சாவி கொடுக்கவும் மாற்றிவிடும் நெம்புகோலும் அதை அழுத்தும் ஸ்பிரிங் தகடும் ஆலைக்கு ஆலை வெவ்வேறு வடிவம். பழைய ஸ்பேர் பட்டியல்கள் இந்த வடிவங்களைக் கைரேகை மாதிரி வரிசைப்படுத்தி வைத்திருக்கின்றன. மெஷினின் விட்டத்தையும் அளந்துகொள்ளுங்கள். பழைய பட்டியல்களில் அது லைன் கணக்கில் இருக்கும். 1 லைன் என்பது சுமார் 2.26 மி.மீ.

ஒமேகாவில் வேலை இன்னும் எளிது. மெஷின் பாலத்தில், அதாவது சக்கரங்களை மேலிருந்து பிடிக்கும் தகட்டில், கேலிபர் எண்ணும் (மெஷின் மாடலின் எண்) வரிசை எண்ணும் தெளிவாகப் பொறிக்கப்பட்டிருக்கும், பின்மூடியின் உட்புறம் கேஸ் எண் இருக்கும். வரிசை எண் 2 கோடியே 40 லட்சத்தை ஒட்டி இருந்தால் மெஷின் 1966 வாக்கில் செய்தது. 1939இல் வந்த 30 மி.மீ. குடும்பம் 265, 266, 269, 283, 286 என்று பல எண்களில் நீண்டது. அந்தக் குடும்பத்துக்குள் பல பாகங்கள் ஒன்றுக்கொன்று பொருந்தும். ஆனாலும் 'குடும்பம் ஒன்றுதானே' என்று கண்ணை மூடி வாங்காதீர்கள். அதற்கான காரணம் அடுத்த படியில்.

இரண்டாம் படி: பாகத்துக்கும் ஓர் எண் உண்டு

சுவிஸ் ஆலைகள் பாகங்களுக்குப் பொதுவான எண் முறை வைத்திருந்தன. எந்த மெஷினாக இருந்தாலும் 401 என்றால் சாவித் தண்டு. 410 சாவிப் பல்சக்கரம், 443 சாவித் தண்டைப் பிடிக்கும் செட்டிங் லீவர், 445 அதன் ஸ்பிரிங், 705 எஸ்கேப் சக்கரம், 710 அதை ஒவ்வொரு பல்லாக விடும் பேலட் ஃபோர்க், 721 ஹேர் ஸ்பிரிங்கோடு கூடிய முழு பேலன்ஸ், 723 பேலன்ஸ் தண்டு, 770 கடிகாரத்தை ஓட்டும் மெயின் ஸ்பிரிங். 'ஏ.எஸ். இன்ன கேலிபர், 445' என்று கேட்டால் லண்டனில் இருப்பவருக்கும் மும்பையில் இருப்பவருக்கும் ஒரே பொருள்தான் மனதில் வரும். 'உள்ளே வளைவா ஒரு தகடு' என்று விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம். ஒமேகா, ரோலெக்ஸ் போன்றவை தங்களுக்கென்று தனி எண் வைத்திருக்கின்றன. அவற்றுக்கு அந்தந்த கேலிபரின் பாகப் பட்டியலைப் பார்க்க வேண்டும்.

அதிகம் உடைவது 445. சாவியை இழுத்தால் 'டக்' என்று நிற்காமல் தொளதொளவென்று வருகிறதா? அதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். விலை குறைவு, கிடைப்பதும் எளிது.

பேலன்ஸ் விஷயத்தில் மட்டும் மிகக் கவனமாக இருங்கள். யூனிடாஸ் 6497 இரண்டு வகை. முதல் வகை மணிக்கு 18,000 அடிப்பு, இரண்டாவது 21,600. 18,000க்கு வெட்டிய சக்கர வரிசையை 21,600 அடிக்கும் பேலன்ஸ் ஓட்டினால் ஒரு மணி நேரத்தில் 12 நிமிடம் முந்திவிடும். எந்தத் திருகைத் திருப்பினாலும் அது சரியாகாது. எண்ணின் கடைசியில் ஒரு கோடு போட்டு 1, 2 என்று எழுதியிருப்பதை விட்டுவிட்டுப் படிக்கிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். ஹேர் ஸ்பிரிங்கைத் தனியாக வாங்காதீர்கள். சக்கரத்தின் எடைக்கும் ஸ்பிரிங்கின் பலத்துக்கும் ஆலையிலேயே ஜோடி சேர்த்திருப்பார்கள். முழு பேலன்ஸாக வாங்குங்கள். முடிந்தால் அதைத் தாங்கும் பாலத்தோடு சேர்த்தே வாங்குங்கள்.

மூன்றாம் படி: எந்த வகைப் பாகம் வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்

சந்தையில் நாலு வகை இருக்கிறது. ஆலை உறையிலேயே பிரிக்காமல் கிடக்கும் பழைய சரக்கு, வியாபாரிகள் என்.ஓ.எஸ். என்பது, முதல் தரம். விலையும் அப்படியே. அடுத்து, இன்றைக்கும் புதிதாகச் செய்யப்படும் பொதுப் பாகங்கள். மூன்றாவது, ஓடாத இன்னொரு கடிகாரத்திலிருந்து எடுப்பது. நான்காவது போலி.

என் அனுபவத்தில் எல்லாப் பாகத்துக்கும் அசல் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பது தேவையற்ற செலவு. மெயின் ஸ்பிரிங், கண்ணாடி, வாஷர், ஸ்ட்ராப்பைப் பிடிக்கும் ஸ்பிரிங் பார் ஆகியவை தேய்ந்து மாற்றுவதற்கென்றே இருப்பவை. அவற்றில் புதிய பொதுப் பாகமே மேல். அறுபது ஆண்டு உறையில் கிடந்த நீல எஃகு ஸ்பிரிங்கைவிட, துருப்பிடிக்காத உலோகக் கலவையில் இன்று செய்யும் ஸ்பிரிங் நன்றாக உழைக்கும். சக்கரங்கள், பேலட், பேலன்ஸ் மூன்றுக்கும் அசல்தான் வேண்டும், பழையதானாலும் பரவாயில்லை. டயல், முட்கள், சாவி கொடுக்கும் குமிழான கிரவுன் மூன்றும் கடிகாரத்தின் முகம். அங்கே புதுசைத் தேடவே தேடாதீர்கள். மங்கினாலும் அதனோடு பிறந்ததே இருக்கட்டும்.

ஓடாத கடிகாரத்தை வாங்கிப் பாகம் எடுப்பது எனக்குப் பிடித்த வழி. ஒரே கேலிபர் உள்ள, டயல் கெட்டுப்போன, கேஸ் நசுங்கிய கடிகாரம் ஒன்று வாங்கினால் ஒரு சாவித் தண்டுக்காகத் தொடங்கிய தேடல் பத்துப் பாகத்தோடு முடியும். விற்பவரிடம் மூன்று படம் கேளுங்கள்: பின்மூடி திறந்த மெஷின், பேலன்ஸ் பக்கம் நெருக்கமாக, சாவித் தண்டு நுழையும் இடம். மூன்றாவது படம் அவசியம். தண்ணீர் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் உள்ளே போகும். அங்கே பழுப்புத் துரு தெரிந்தால் 401, 410, 443 எல்லாம் போயிருக்கும். திருகுகளின் பள்ளத்தையும் பாருங்கள். விளிம்பு சிதைந்திருந்தால் தகாத திருப்புளியோடு யாரோ உள்ளே போயிருக்கிறார்கள்.

நான்காம் படி: எங்கே தேடுவது

முதலில் உங்கள் ஊரின் வயதான மெக்கானிக்கிடம் போங்கள். இது பழமைப் பாசத்தில் சொல்வதில்லை. ஃபிலிம் ரோல் டப்பாவிலும் தைல டப்பாவிலும் அவர்கள் சேர்த்து வைத்திருப்பது எந்த இணையப் பட்டியலிலும் ஏறாத சரக்கு. ஃபாவ்ர் லூபா 1865இலேயே பம்பாயில் கால் வைத்த நிறுவனம். வெஸ்ட் எண்ட் 1886இல் அங்கே தொடங்கியது. ரோமர், டைட்டோனி, எனிகார், கேமி எல்லாம் நம் ஊர்க் கைகளில் இரண்டு தலைமுறை ஓடியவை. அவற்றுக்கான பாகம் ஐரோப்பாவில் கிடைப்பதற்கு முன் இங்கே ஏதோ ஒரு மேசை இழுப்பறையில் கிடைக்கும். எச்.எம்.டி.யும் அப்படித்தான். 1961இல் சிட்டிசன் கூட்டுறவில் பெங்களூரில் தொடங்கியதால், அதன் பழைய சாவிக் கடிகாரங்களின் மெஷின் சிட்டிசன் வடிவமைப்பை ஒட்டியது. எச்.எம்.டி. மாடல்களான ஜனதாவுக்கும் பைலட்டுக்கும் பாகம் தேடும்போது இதை நினைவில் வையுங்கள்.

மும்பையின் பழைய பொருள் சந்தையான சோர் பஜாருக்கு ஒருமுறை நேரில் போய்வந்தால் கண் பழகும். கையில் லென்ஸும் கேலிபர் எண் எழுதிய சீட்டும் இருக்கட்டும். பேரம் பேசுவதைவிட முக்கியம், பின்மூடியைத் திறந்து காட்டச் சொல்வது. மறுத்தால் நகர்ந்துவிடுங்கள்.

வெளிநாட்டில், இங்கிலாந்தில் கசின்ஸ், அமெரிக்காவின் கான்சஸ் சிட்டியில் ஜூல்ஸ் போரெல், கலிஃபோர்னியாவில் ஆட்டோ ஃப்ரை ஆகியவை மெக்கானிக்குகளே வாங்கும் கடைகள். போரெல் தளத்தில் கேலிபர் எண்ணைக் கொடுத்தால் எந்தெந்தப் பாகம், எந்த மெயின் ஸ்பிரிங் அளவு, வேறெந்த கேலிபருக்கு அது பொருந்தும் என்று காட்டிவிடும். நான் அங்கே வாங்காத நாட்களிலும் சரிபார்க்க அதைத் திறக்கிறேன்.

ஒரு தடை உண்டு. ரோலெக்ஸ் வெளியாட்களுக்குப் பாகம் விற்பதில்லை. ஸ்வாட்ச் குழுமம் 2015 இறுதியோடு மொத்த வியாபாரிகளுக்கு உதிரிபாகம் கொடுப்பதை நிறுத்தியது. ஒமேகாவும் ஈட்டாவும் அந்தக் குழுமத்தில்தான் இருக்கின்றன. அதனால் வெளிச்சந்தையில் சுற்றுவது பழைய இருப்புதான், போலி புகும் வாசலும் அதுதான். ஈட்டா 2824க்கு மாற்று உண்டு. செலிட்டா எஸ்.டபிள்யூ. 200 அதே வடிவமைப்பைப் பின்பற்றியது. ஆனால் அது 26 கல், 2824 25 கல். எல்லாப் பாகமும் மாற்றிப் பூட்டத் தக்கதல்ல. ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள்.

ஐந்தாம் படி: அளவெடுங்கள்

0.01 மி.மீ. காட்டும் டிஜிட்டல் காலிப்பர் வாங்கிக்கொள்ளுங்கள். கடிகாரப் பாகத்தில் கண்ணளவு உதவாது.

மெயின் ஸ்பிரிங்குக்கு நாலு அளவு: அகலம், தடிமன், நீளம், அது சுருண்டிருக்கும் டப்பாவான பேரலின் உள்விட்டம். பழைய ஸ்பிரிங் உடைந்தோ அறுந்தோ இருந்தால் நீளத்தைக் கணக்குப் போட்டே கண்டுபிடிக்கலாம். பேரலுக்குள் ஸ்பிரிங் அடைக்க வேண்டியது, நடுத்தண்டு போக மீதமுள்ள பரப்பில் பாதி. பேரல் உள்விட்டம் 10 மி.மீ., நடுத்தண்டு 3.3 மி.மீ., ஸ்பிரிங் தடிமன் 0.10 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதமுள்ள பரப்பு சுமார் 70 சதுர மி.மீ., அதில் பாதி 35. அதை 0.10ஆல் வகுத்தால் 350 மி.மீ. நீளம். தடிமனைக் கூட்டினால் பலம் கூடுமே என்று நினைப்பவர்கள் உண்டு. தடிமனில் 0.01 கூடினாலே விசை கணிசமாக ஏறிவிடும். பேலன்ஸ் அளவுக்கு மீறி ஆடி, கடிகாரம் தாறுமாறாக முந்தும். ஆட்டோமேட்டிக்குக்குக் கேட்கும்போது ஆட்டோமேட்டிக் என்றே சொல்லுங்கள். அதன் ஸ்பிரிங்கின் வெளிமுனை பேரல் சுவரில் வழுக்கவேண்டிய வகை. கைச்சாவிக்கானது கொக்கி.

கிரவுனுக்குப் புரி அளவு பார்க்க வேண்டும். டேப் 10 என்றால் 0.90 மி.மீ., டேப் 9 என்றால் 1.00, டேப் 8 என்றால் 1.20. தண்டை காலிப்பரில் பிடித்தாலே தெரிந்துவிடும். கிரவுன் உட்காரும் குழாயின் வெளிவிட்டத்தையும் எடுங்கள். அதை மறந்தால் புரி பொருந்தும், கிரவுன் உட்காராது.

முட்களில் நானே ஏமாந்திருக்கிறேன். 2824 மெஷினுக்கு முள் துளைகள் மணி 1.50, நிமிடம் 0.90, நொடி 0.25. ஒருமுறை அழகான செட் ஒன்று வாங்கினேன். மணி முள்ளும் நிமிட முள்ளும் கச்சிதமாக உட்கார்ந்தன. நொடி முள் மட்டும் தண்டின் நுனியில் தொட்டு நின்றது. அழுத்திப் பார்த்தேன், முள் வளைந்துவிட்டது. பிறகு அளந்தால் துளை 0.20. அது சீகோவுக்கான செட். விற்றவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், கேட்கவில்லை.

பழைய பிளாஸ்டிக் கண்ணாடிக்கு 0.1 மி.மீ. வித்தியாசமே போதும், உட்காராது அல்லது கழன்றுவிடும். பழையதை அளக்காமல் கேஸின் பள்ளத்தை அளங்கள். பழையது காலப்போக்கில் சுருங்கியிருக்கும். ஒமேகா அசல் கண்ணாடியின் நடுவில், சாய்வான வெளிச்சத்தில் மட்டும் தெரியுமளவுக்கு மிகச் சிறிய ஒமேகா சின்னம் இருக்கும்.

ஆறாம் படி: டயலைச் சோதிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

அதிகப் பணம் போவது டயலில்தான். மும்பையிலிருந்து கிளம்பும் கடிகாரங்களுக்கு உலகச் சேகரிப்பாளர்களிடம் ஒரு கெட்ட பெயரே நிலைத்துவிட்டது. டயலை அடித்துத் துடைத்து, பளீரென்ற நீலத்திலும் ஆரஞ்சிலும் புதுசாகப் பெயின்ட் அடித்து, கிடைத்த முட்களைப் போட்டு, வேறு மெஷினைப் பூட்டி விற்பது. எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு. உள்ளே இருந்த நல்ல கடிகாரம் அந்தப் பெயின்டோடு முடிந்துபோகிறது.

லென்ஸில் பார்க்க வேண்டியவை: நிமிடக் கோடுகள் பதித்த மணி அடையாளங்களோடு நேராகச் சேர்கின்றனவா? எழுத்தின் விளிம்பு கூர்மையாக இருக்கிறதா, மை பரவியிருக்கிறதா? ஆறு மணிக்குக் கீழே இருக்கும் சுவிஸ் எழுத்து சரியான இடத்தில் இருக்கிறதா, விளிம்புக்குள் பாதி மறைகிறதா? டயலைக் கழற்ற முடிந்தால் பின்னால் பாருங்கள். இரண்டு செம்புக் கால்கள் முழுதாக இருக்க வேண்டும். கால் வெட்டி, ஒட்டும் பட்டியால் ஒட்டிய டயல் பெரும்பாலும் வேறு மெஷினுக்கு உரியது.

ஒளிரும் பூச்சும் காலத்தைச் சொல்லும். 1960களின் தொடக்கம் வரை ரேடியம், பிறகு ட்ரிடியம். ட்ரிடியம் டயலில் ஆறு மணிக்கு அடியில் சுவிஸ் என்ற எழுத்தின் இருபுறமும் டி என்ற எழுத்து இருப்பது வழக்கம். ரோலெக்ஸ் 1998 வாக்கில் அதைக் கைவிட்டது. ட்ரிடியத்தின் அரை ஆயுள் 12.3 ஆண்டு. எனவே 1970களின் டயல் இன்றைக்கு இருட்டில் பச்சையாக நெடுநேரம் ஒளிர்ந்தால், யாரோ புதுப்பூச்சு பூசியிருக்கிறார்கள்.

ரேடியம் பற்றி ஒரு முக்கியமான எச்சரிக்கை. ஒளிர்வு செத்துப்போனாலும் ரேடியம் சாகவில்லை. அதன் அரை ஆயுள் 1,600 ஆண்டு. பழைய ரேடியம் முட்களில் பூச்சு பொடிந்து உதிரும். அதைச் சுரண்டாதீர்கள், ஊதாதீர்கள், சாப்பாட்டு மேசையில் வைத்துத் திறக்காதீர்கள். தனியாக ரேடியம் முள், டயல் வாங்குவதை நான் தவிர்க்கிறேன். பூட்டும் வேலையைத் தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள்.

ரெப்ளிகா பாகங்கள் பற்றி

இதைக் கேட்காதவர்களே இல்லை என்பதால் நேராகச் சொல்கிறேன். இன்னொரு நிறுவனத்தின் பெயரும் சின்னமும் அச்சிட்ட போலி டயல், கிரவுன், பின்மூடி எதையும் வாங்காதீர்கள். 1999ஆம் ஆண்டு வர்த்தகச் சின்னங்கள் சட்டத்தின் 103ஆம் பிரிவில் போலிச் சின்னம் பொறிப்பதற்கு 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. விற்பதற்கு 104ஆம் பிரிவில் அதே தண்டனை. சுங்கத்தில் பார்சலைப் பிடித்து வைத்துக்கொள்ளவும் அதிகாரம் இருக்கிறது. அசல் கடிகாரத்தில் ஒரு போலி டயல் ஏறிவிட்டால், அடுத்து அதை வாங்குகிறவர் ஏமாறுகிறார்.

பழைய டைவர், பைலட் கடிகாரங்களின் தோற்றம்தான் உங்களுக்குப் பிடித்தது என்றால் நேர்மையான வழி இருக்கிறது. பெயரே அச்சிடாத டயல், பெயரில்லாத கேஸ், உள்ளே செலிட்டாவோ சீகோ என்.எச். 35 மெஷினோ வாங்கி நீங்களே சேர்க்கலாம். கேஸ் எந்த மெஷினுக்குச் செய்தது, டயல் கால்களின் இடம், முள் துளை மூன்றும் ஒத்துப்போனால் போதும். பிறகு அது உங்கள் கடிகாரம்.

ஏழாம் படி: பார்சலும் அதற்குப் பிறகும்

வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும்போது பொருளின் உண்மை விலையையே எழுதச் சொல்லுங்கள். கடிகார உதிரிபாகங்களுக்கான சுங்கத் தலைப்பு 9114, கேஸுக்கு 9111, ஸ்ட்ராப்புக்கு 9113. அந்த எண்ணை உறையில் எழுதச் சொல்லுங்கள். முதலைத்தோல் ஸ்ட்ராப் மட்டும் வேண்டாம். வனவிலங்குச் சட்டப்படி தனி அனுமதி இல்லாமல் வராது. பேலன்ஸ் போன்றவற்றை உறையில் போட்டு அனுப்பக் கூடாது, கெட்டி டப்பாவில் அனுப்பச் சொல்லி முன்கூட்டியே எழுதுங்கள்.

வந்ததும் உடனே பூட்டவேண்டாம். வெள்ளைத் தாளின் மேல் பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள். சக்கரமானால் பற்களை எண்ணுங்கள், தண்டின் நுனியை லென்ஸில் பாருங்கள். பேலன்ஸானால் பாலத்திலிருந்து தொங்கவிட்டு ஹேர் ஸ்பிரிங் சமதளமாக, வட்டம் வட்டமாக இடைவெளி மாறாமல் இருக்கிறதா என்று பாருங்கள். குறை இருந்தால் அன்றைக்கே விற்றவருக்கு அந்தப் படத்தோடு எழுதுங்கள்.

கழற்றிய பழைய பாகத்தைத் தூக்கிப் போடாதீர்கள். சின்னப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, கேலிபர் எண், பாக எண், மாற்றிய தேதி, எங்கே வாங்கியது என்று எழுதி, கடிகாரப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். அப்பாவின் கடிகாரப் பெட்டியில் இப்போது அப்படி நாலு உறை இருக்கிறது. முதல் உறையில் உடைந்த 445. அதில் இருக்கும் எழுத்து அந்த மெக்கானிக் ஐயாவுடையது.